ஹர்ஷானியின் கார்னர்

செந்த்பால், 1983 மார்ச் 6

எடெல்காவுக்கு,

உன் அண்ணனின் இடது இடுப்பைத் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. உன் தோள்வலி குறைந்ததா? டொரன்டோவில் பனி விட்டதா? அதையெல்லாம் பதிலில் எழுது. போன கடிதத்தில் "உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணி" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் அண்ணன் பாலிந்துக்குக் காலுறை மாட்டிவிடுவது இப்போது நான்தான். அடுப்படியிலிருந்து படுக்கைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்தால் போதும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கதவருகே நிற்கிறார். எந்தக் கிராமம், யார் கார் என்றுகூடக் கேட்பதில்லை.

எல்லாம் அந்த 55-ஆம் வருஷத்துக் கோலால் வந்த வினை. நீயும்தான் பார்த்தாய். கோப்பை அரையிறுதி, தலைநகர் அணி, கொட்டுகிற மழை. நான் கோல் வலைக்குப் பின்னால் நின்றேன். மூலைக் கொடியிலிருந்து கார்னர் அடிக்கும்போது "கெர்கெய், தலையால முட்டுடா" என்று இவர் கத்தியது என் காதில் தெளிவாக விழுந்தது. நெட்டைக் கெர்கெய்க்குப் போட்ட பந்து காற்றில் வளைந்து நேரே வலைக்குள் போய் விழுந்தது. அடுத்த வாரம் இறுதியாட்டத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம், அது இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நாட்டு அணிக்கு இரண்டே ஆட்டம் ஆடினார். அந்த இடத்தில் உலகமறிந்த ஒருவர் இருந்ததால் மூன்றாவது ஆட்டம் கிடைக்கவில்லை. அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அந்தக் கார்னர் ஒன்றுதான் பேச்சு. அதைப் படம் பிடித்தவர் யாருமில்லை, ஆகவே வருஷத்துக்கு வருஷம் அது இன்னும் அதிகமாக வளைகிறது.

முன்பெல்லாம் பழைய ஆட்டக்காரர்கள் அணியோடு போய்க் கிராமத்துப் பையன்களுடன் ஆடுவார். இப்போது ஓட முடியாது, ஆனாலும் கூப்பிடுகிறார்கள். இடைவேளையில் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்ல, இவர் நொண்டிக்கொண்டே மூலைக் கொடிக்குப் போய் ஒரே ஒரு கார்னர் அடிப்பார். கோல்கீப்பர் தப்பான பக்கம் விழுவான். கோல். ஊரே எழுந்து நின்று கத்தும். அப்புறம் அண்டாவில் கொதித்த ஆட்டுக்கறி, சோடா கலந்த வைன், வரும்போது ஒரு வாத்து. அதன் பிறகு மூன்று நாள் படுக்கை, நான் தைலம் தேய்க்க வேண்டும்.

போன மாதம் அவருடைய பெயருக்குரிய புனிதர் நாளன்று நாற்பது பேர் வந்தார்கள். காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று பணியாரம் சுட்டேன். அத்தனை பேரில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், "நடக்க முடியுதா மாமா" என்று கேட்டிருந்தால் அவனுக்குத் தனியாக ஒரு தட்டு வைத்திருப்பேன்.

அடுத்த மாதம் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். நீயும் அவருக்கு இரண்டு வார்த்தை கண்டித்து எழுது. தங்கை சொன்னால் கேட்பார்.

அண்ணி யோலான்


டொரன்டோ, 1983 ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

தோள் பரவாயில்லை, பேக்கரியில் மாவுத் தட்டு தூக்கும்போதுதான் குத்துகிறது. பனி தெருவோரத்தில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. நீங்கள் மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் காபியைக் கொட்டிவிட்டேன். ஐம்பத்தேழு வயசில் இதென்ன விளையாட்டு? பூட்ஸைத் தூக்கி ஒளித்து வையுங்கள். கார் வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லுங்கள். நீங்கள் எப்போதும் கத்துவீர்கள், கடைசியில் அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிவைப்பீர்கள். எனக்குத் தெரியாதா?

இங்கேயும் அவர் பெயர் குறைந்தபாடில்லை. நம்மவர்கள் சங்கத்தில் பத்திரிகையில் வந்த அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து "ஹர்ஷானியோட தங்கச்சியா நீங்க" என்று கேட்டு எனக்குக் காபி வாங்கித் தருகிறார்கள். தலைநகர் அணி கூப்பிட்டும் போகாமல் பதினாலு வருஷம் நம் ரயில்வே அணிக்கே ஆடினாரே, அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு, போகாமல் இருந்தவர்மேல் அப்படி ஒரு பிரியம்.

டாக்டர் சொல்வதை உடனே எழுதுங்கள்.

உங்கள் எடெல்கா

மறந்துவிட்டேன். இப்போது அவர் உதைத்தால் பந்து எவ்வளவு தூரம் போகிறது? கோல்வரை போய்ச் சேருகிறதா?


செந்த்பால், 1983 மே 15

எடெல்காவுக்கு,

ரத்த அழுத்தம் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலேதான் இருக்கிறது, காரணம் கீழே வருகிறது. உன் தோளுக்கு எருமைக் கொழுப்பு தடவிப் பார்.

பூட்ஸை ஒளித்தேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஒளித்தேன், ஞாயிற்றுக்கிழமை புது ஜோடியோடு நிற்கிறார். செருப்புத் தைக்கிறவன் விஷயம் கேள்விப்பட்டு இரண்டு நாளில் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தானாம், சும்மா. வீட்டில் இல்லை என்று சொல்லியும் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்.

அதனால் வேறு வழி யோசித்தேன். ஒரு கோல்கீப்பர் ஒரே ஒரு தடவை அந்தப் பந்தைப் பிடித்துவிட்டால் மனிதருக்குப் புத்தி வரும் என்று தோன்றியது. நீ கேட்டாயே, பந்து கோல்வரை போகிறதா என்று. போகிறது, ஆனால் நான் சந்தைக்குப் போகிற வேகத்தில். ஆல்மாஷ் கிராமத்தில் தோதோர் என்று ஒரு பையன் கோல்கீப்பர். ஆட்டத்துக்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கையுறையைக் கழற்றி என்னிடமே நீட்டினான்.

"அத்தை, நான் பிடிச்சா எங்கப்பா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாரு. அவரும் இதே கோல்ல நின்னவருதான். ஹர்ஷானி மாமாவுக்கு அவரும் விழுந்தவருதான்."

இப்போது டாக்டர். டாக்டர் வர்கோனி எக்ஸ்ரேயை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு, கெட்ட செய்தியைச் சொல்லப்போகிறவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றினார். இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, செயற்கை மூட்டு வைக்க வேண்டும். வைத்தால் நன்றாக நடக்கலாம், ஆனால் இனி வாழ்நாளில் பந்தை உதைக்கக் கூடாது. இந்த வருஷத்தைத் தாண்டினால் எலும்பு அந்த மூட்டையும் தாங்காது, அப்புறம் சக்கர நாற்காலிதான். நான் உடனே செய்யுங்கள் என்றேன். அவர் இவரைப் பார்த்து, "ஜூன், ஜூலை, ஆகஸ்டு எல்லாம் திருவிழாக் காலமாச்சே மாமா" என்கிறார். எனக்கு நாக்கில் சனி, நீங்கள் டாக்டரா திருவிழாக் கமிட்டியா என்று கேட்டுவிட்டேன். கடைசியில் அக்டோபர் 12 என்று முடிவானது. நான் பணம் வைத்துக் கொடுத்த உறையை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு என்ன கேட்டார் தெரியுமா? எக்ஸ்ரேயில் ஒரு கையெழுத்து. உன் அண்ணனும் இடுப்பெலும்புக்குக் கீழே அழகாகப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், சம்மதம்தானே என்று. "பாக்கலாம்" என்றார். நடக்கிறதா உதைக்கிறதா என்றால் அதில் பார்க்க என்ன இருக்கிறது, நீயே சொல்.

யோலான்


டொரன்டோ, 1983 ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வெயில். நான் நலம். நீங்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், எருமைக் கொழுப்பு எனக்கு வேண்டாம்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் காபி, உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை, அண்ணனுக்கு இங்கே ஆட்டக்காரர்கள் தடவிக்கொள்ளும் தைலம் இருக்கிறது. காலையும் மாலையும் தேய்க்கச் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை அக்டோபரில்தான் செய்ய வேண்டுமா? ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் ஆகிவிடாது என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரிகளில் சளிக் காய்ச்சல் அதிகம் என்றார். சும்மா கேட்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

எடெல்கா


செந்த்பால், 1983 ஜூலை 10

குட்டி எடெல்கா,

நான் சுகம். கால் பிரமாதம். உன் தைலம் நன்றாக எரிகிறது, எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். உன் அண்ணி என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும், அதில் பாதியை விட்டுவிட்டுப் படி.

சங்கத்தின் அழைப்பும் விமானச் சீட்டும் வந்தன. கறிக்கடை மிக்ஷாவின் முகவரிக்கு அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. நவம்பர் 6-ந் தேதி விழா என்றால் எனக்குச் சம்மதம். டாக்டரிடம் தேதியை மாற்றச் சொல்லிக்கொள்கிறேன், அவர் நம்ம ஆள். யோலானிடம் நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன், நீ எழுதிவிடாதே. செர்ரிப் பழம் நறுக்கி ஊறப்போடுகிற காலம், அவள் கையில் எப்போதும் கத்தி இருக்கிறது.

நீ ஊரைவிட்டுப் போய் இருபத்தேழு வருஷம். உன் குரல் எனக்கு மறந்துவிட்டது என்று போன வாரம் முகம் மழிக்கும்போது தோன்றியது. அப்புறம் அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே மைதானம் புல்லா மண்ணா? கோல்கீப்பர் யார்?

உன் அண்ணன் பாலிந்த்


செந்த்பால், 1983 ஆகஸ்டு 7

எடெல்கா,

இந்த முறை உன் தோளைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

நேற்று மிக்ஷா கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பாஸ்போர்ட் ஆபீசரின் மனைவி. திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கனடாவுல கார்னராமே, கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். மிக்ஷா எலும்பை வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடைக்காரனுக்கு, தபால்காரிக்கு, பாதிரியாருக்கு, இன்னும் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இந்த ஊர் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு எந்த விஷயத்திலும் ஒரு மணி நேரம் மூடாத வாய்கள்.

உன்னை நம்பித்தானே எழுதினேன்? இடுப்பெலும்பு தேய்ந்தது, தேதி குறித்தது, இந்த வருஷம் தாண்டினால் நாற்காலி என்பது, எல்லாம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு "சும்மா கேட்கிறேன்" என்று கேட்டாயே. சளிக் காய்ச்சலாம். அதற்குக் காபிப் பொட்டலம் வேறு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் வர்கோனியிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம், அவரும் "சரி மாமா, பிப்ரவரியில பாத்துக்கலாம்" என்றாராம். ஆட்டுவித்தால் ஆடுகிற டாக்டர். நான் சத்தம் போட்டேன்.

"தங்கச்சியப் பாக்கணும் யோலான். இருபத்தேழு வருஷமாச்சு."

"போய்ப் பாருங்க, நான் வேண்டாங்கல. கட்டிப் பிடிச்சு அழுங்க. ஆனா உதைக்கலன்னு சொல்லுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபது வருஷமாக அங்கிருந்து ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். கெர்கெய்யின் மச்சான் மூன்று தடவை வந்துவிட்டுப் போனான், ஒவ்வொரு தடவையும் இன்னும் பருத்து. அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றால் நீ வந்திருக்கலாமே. அவருடைய இடுப்பு உடைந்துதான் உனக்கு அண்ணன் கிடைக்க வேண்டுமா?

யோலான்


டொரன்டோ, 1983 செப்டம்பர் 2

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நான் செய்தது தப்பு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

ஆனால் நீங்கள் அவருக்குக் காலுறை மாட்டுகிறீர்கள். திட்டுகிறீர்கள், தைலம் தேய்க்கிறீர்கள், ஜன்னலில் கையாட்டுகிற மனிதரைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறீர்கள். எனக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு இருப்பது சங்கத்துச் சுவரில் ஒரு படம். விமானச் சீட்டுக்குச் சங்கம்தான் ஏற்பாடு செய்தது, அவர்கள் கேட்டது ஒரு கார்னர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். 56-இல் எல்லை தாண்டித் தப்பி வந்தபோதே என் வீட்டுக்காரர், தன் உயிர் உள்ளவரை நாங்கள் அந்த மண்ணை மிதிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்திருந்தார், உங்களுக்குத் தெரியும். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது தடை எதுவும் இல்லை, பயம்தான் இருக்கிறது. ரயிலைவிட்டு இறங்கினால் என்னை யாருக்கு அடையாளம் தெரியும்? அண்ணன் இங்கே வந்தால் நான் அவருக்கு வழி காட்டுவேன். நான் அங்கே வந்தால் என் சொந்தத் தெருவில் வழி கேட்க வேண்டியிருக்கும்.

விழா அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இனி நான் என்ன செய்ய?

எடெல்கா


செந்த்பால், 1983 அக்டோபர் 11, ஆஸ்பத்திரி

குட்டி எடெல்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சூப்பைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. உன் தோள் எப்படி?

நாளைக் காலையில் மூட்டு மாற்றுகிறார்கள். பழைய தேதியையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே வர்கோனியிடம் போய்ச் சொன்னேன். பாவம், அழுதுவிட்டார். சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சங்கத்தாரிடம் மன்னிப்புக் கேள். அண்ணி தடுத்தாள் என்று சொல்லாதே. அவள் தடுத்துத்தான் பார்த்தாள், நான் எப்போது கேட்டிருக்கிறேன்? காரணம் வேறு.

கோல்கீப்பர் யார் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதினாய். ஸ்டீவ், நம்மவர் மகன்தான், அங்கேயே பிறந்தவன், பத்தொன்பது வயசு, கல்லூரி அணியில் நிற்கிறான், எமகாதகன், ஒரு பந்தையும் விடமாட்டான் என்று. பெருமையாகத்தான் எழுதியிருந்தாய். அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன்.

நான் இப்போது உதைக்கிற பந்துக்குக் குறுக்கே ஒரு கோழி நிதானமாக நடந்து போய்விடும். இங்கே பையன்கள் எனக்காக விழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? முதன்முதலில் ஒருத்தன் விழுந்தபோதே தெரியும், ஆல்மாஷில், இப்போது அங்கே கோல்கீப்பராக நிற்கிற தோதோரின் அப்பன். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு விழுந்தான். அவர்கள் எனக்காக விழுகிறார்கள், நான் அவர்களுக்காக உதைக்கிறேன். அந்த மழையில் நின்றவர்கள் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மிச்சப் பேருக்கு நான் அந்த மூலையில் போய் நின்றால் முப்பது வயசு குறைகிறது. வலிக்கிறதுதான். வலித்தால் என்ன, வேறு எதை நான் அவர்களுக்குக் கொடுக்க முடியும்? நான் ஒரு ரயில்வே கிடங்குக் காவல்காரன்.

ஆனால் உன் ஸ்டீவ் பிடித்துவிடுவான். அவன்மேல் தப்பில்லை, கோல்கீப்பர் என்றால் பிடிக்கத்தான் வேண்டும். அது உன் கண்முன்னால் நடக்கக் கூடாது. இருபத்தேழு வருஷம் கழித்து நீ என்னைப் பார்ப்பது அந்தக் கோலமாக இருக்கக் கூடாது.

இதை அண்ணியிடம் சொல்லாதே. நான் எல்லாவற்றையும் நம்புகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பில்தான் என்னை இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டாள்.

பாலிந்த்


டொரன்டோ, 1984 ஜனவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். ஏழெட்டுத் தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். அண்ணன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையில் படித்தேன், அதை இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறேன். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்குத் தோள் அப்படியேதான்.

அண்ணன் சொல்லாதே என்றார், நான் சொல்கிறேன். இனி உங்களிடம் மறைத்து ஒரு காரியம் செய்வதாக இல்லை. கோல்கீப்பர்கள் விழுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். இங்கே ஸ்டீவ் பிடித்துவிடுவான் என்றுதான் அவர் வரவில்லை. அந்தக் கடிதத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன், படியுங்கள்.

அவர் அதை எழுதுவதற்கு முன்னாலேயே நான் ஸ்டீவிடம் போயிருந்தேன். பந்து மெதுவாக வரும், நீ மறுபக்கம் விழுந்துவிடு தம்பி என்றேன். நல்ல பையன், சிரிக்கவில்லை. "ஏன் ஆன்ட்டி, அது ஏமாத்து வேலை இல்லையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பின்னே என்ன என்றான். எங்கள் பாஷையில் சொல்லிப் பார்த்தேன், அவன் பாஷையிலும் சொல்லிப் பார்த்தேன். அந்த மழையைச் சொன்னேன், அண்ணன் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததைச் சொன்னேன். அவன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

ஹர்ஷானியின் தங்கை என்று இத்தனை வருஷம் இவர்கள் வாங்கித் தந்த காபியைக் குடித்தேன். இந்த ஒரு சின்ன விஷயத்தை விளக்க எனக்கு வக்கில்லை. நான் இங்கத்தியவளும் இல்லை, அங்கத்தியவளாகவும் இனி இருக்க முடியாது. யாருடைய ஆளும் இல்லாமல் ஐம்பத்திரண்டு வயசில் நிற்கிறேன் அண்ணி.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

எடெல்கா


செந்த்பால், 1984 ஜூன் 18

எடெல்காவுக்கு,

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? எனக்கு மருந்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். உன் அண்ணனுக்கு இந்த வீட்டிலேயே நல்ல ஆரோக்கியம்.

உன் கடிதத்தையும் அவருடைய கடிதத்தையும் படித்துவிட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் உன்னோடு பேசவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதம். ஏமாந்து உதைக்கிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்தேன், பாவம் என்று பொறுத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே இடுப்பை உடைத்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது?

இப்போது நடக்கிறார். எப்படி நடக்கிறார் என்கிறாய்? காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். ஒரு நாள் என்னோடும் வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்தடிக்கு ஒருத்தன் நிறுத்தினான். ஆற்றங்கரைக்குப் போக நினைத்தோம், தபாலாபீஸ்வரை போய்த் திரும்பினோம். ஊருக்கோ என்மேல் கோபம். ஹர்ஷானியின் கார்னரைப் பிடுங்கிக்கொண்டவள் நான்தானாம். மிக்ஷா எனக்கு இப்போது நல்லி எலும்பாகப் பொறுக்கித் தருவதில்லை. கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

நேற்று ஆல்மாஷில் திருவிழா. கார் வந்தது. வேண்டாம் என்றேன், உட்கார்ந்து பார்க்கத்தானே என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், என்னையும் சேர்த்து. மூலைக் கொடிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். இடைவேளையில் வழக்கம்போல் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். எழுந்து நின்று, "டாக்டர் கூடாதுன்னுட்டாருப்பா" என்றார். கிழவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோதோரின் அப்பா வேலியைத் தாண்டி வந்து பந்தை எடுத்து என் காலடியில் வைத்தார். "நீங்க அடிங்க அண்ணி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியாது. சமைத்தேன், தைலம் தேய்த்தேன், இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்குக் கிடையாது. இப்போது இதுவும் என் தலையிலா? அந்த மொத்தக் கூட்டத்தின் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி உதைத்தேன், மாதாகோவிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்போடு. செருப்பு தூரமாய்ப் போய் விழுந்தது. பந்து உருண்டு உருண்டு, பாதி தூரம்கூடப் போகாமல் புல்லில் நின்றுவிட்டது.

தோதோர் என்ன செய்தான் தெரியுமா? விழுந்துவிட்டான். பந்து வரவே இல்லை, அது அங்கே பாதி வழியில் கிடக்கிறது. இவன் மறுபக்கம் பாய்ந்து மண்ணில் விழுந்து, பிடிக்க முடியாமல் போன மாதிரி தரையைக் கையால் அடிக்கிறான். கூட்டம் கோல் என்று கத்தியது. தொப்பிகள் பறந்தன. நான் ஒற்றைச் செருப்போடு நின்று உன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வழிய, "கொஞ்சம் கம்மியா வளைச்சிட்ட" என்றார்.

அப்போது திட்டியிருக்க வேண்டும். இந்த ஊர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், நாளைக்கும் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், ஸ்டீவுக்கு விளக்க முடியவில்லை என்று அழாதே. எனக்கும் விளக்கத் தெரியாது. ரயிலைவிட்டு இறங்கினால் யாருக்கு அடையாளம் தெரியும் என்று கேட்டாயே. யாருக்கும் தெரிய வேண்டாம். நீ ஹர்ஷானி வீட்டுப் பெண். வந்து அந்த மூலையில் நில், காலைத் தூக்கு, போதும். தோதோர் உனக்கும் விழுவான்.

அண்ணி யோலான்